தந்தை எழுதிய பாடசாலை: காந்தியின் பண்ணைப் பக்கங்களை மீள வாசித்தல்

பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பாமல், வீட்டு வாழ்க்கையின் ஊடாகவே கற்கவிடுவது பற்றிய நூல்கள் மேற்கில் ஒரு தனி வகையாகவே வளர்ந்துவிட்டன. பாடசாலை என்ற நிறுவனத்தையே கேள்விக்குட்படுத்தி இவான் இல்லிச் எழுதிய நூல் 1971இல் வந்தது. அமெரிக்கரான ஜோன் ஹோல்ட் 1977இல் இத்தகைய பெற்றாருக்கென்றே ஒரு சஞ்சிகையைத் தொடங்கினார். பின்னர் வந்த நூல்களை வாசித்தவர்களுக்கு அவற்றின் உலகம் பழக்கமானது. வீடு நிறையப் பிள்ளைகள். மா அளப்பதில் கணக்கு, தோட்டத்தில் விஞ்ஞானம், மூத்தது இளையதற்கு வாசித்துக் காட்டும் இரவுகள். வாசிக்க இனிமையான பக்கங்கள்தாம். ஆனால் அவற்றுள் பெரும்பாலானவற்றை எழுதியவர்கள் பெற்றார். அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை பேனாவை எடுத்தால் அதே வீட்டை எப்படி எழுதும் என்ற கேள்வி, அவற்றை மூடிவைத்த பின்னும் நம்முடன் தங்கிவிடுகிறது.

அக்கேள்வியோடு நான் திரும்பிச் சென்றது நம் எல்லோருக்கும் அறிமுகமான ஒரு பழைய நூலுக்கு. காந்தியின் 'சத்திய சோதனை' 1925 முதல் 1929 வரை குஜராத்தியில் 'நவஜீவன்' இதழில் தொடராக வந்தது. தமிழில் ரா. வேங்கடராஜுலுவின் மொழிபெயர்ப்பில் அதை வாசித்தோம். நம்மில் பலர் அந்நூலை முதன்முதல் கண்டது பாடசாலை நூலகத்தில்தான் என்பது ஒரு சுவையான முரண். ஏனெனில் தன் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்ப மறுத்த ஒரு தகப்பனின் வாக்குமூலமும் அதுவே. அரசியல் தலைவரின் நூலாக, ஆன்மிகத் தேடலின் நூலாக அதைப் பற்றி ஏராளம் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு பெரிய குடும்பத்தில் பிள்ளைகள் எப்படி நாளைக் கழித்தார்கள், எதைக் கற்றார்கள், எதை இழந்தார்கள் என்று சொல்லும் நூலாக அது அதிகம் வாசிக்கப்படவில்லை. அதன் துணை நூலான 'தென்னாபிரிக்காவில் சத்தியாக்கிரகம்' என்பதையும் சேர்த்து அவ்வாறு வாசிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மறுப்பின் காரணம்

1897 ஜனவரியில் காந்தி குடும்பத்தோடு டேர்பனில் இறங்கியபோது அவருடன் மூன்று சிறுவர்கள் இருந்தனர். சகோதரியின் மகனுக்குப் பத்து வயது. மூத்த மகன் ஹரிலாலுக்கு ஒன்பது. மணிலாலுக்கு ஐந்து. இவர்களை எங்கே படிக்க வைப்பது? ஐரோப்பியப் பிள்ளைகளின் பாடசாலையில் அவர்களைச் சேர்த்திருக்கலாம். ஆனால் ஒரு சலுகையாக, விதிவிலக்காக மட்டுமே. வேறெந்த இந்தியப் பிள்ளைக்கும் அந்தக் கதவு திறக்காது. மிஷன் பாடசாலைகள் இருந்தன. அங்கு கற்பிக்கப்பட்ட கல்வி அவருக்கு உவப்பாக இல்லை. போதனா மொழி ஆங்கிலமாக இருக்கும். இல்லையேல் பிழையான தமிழோ ஹிந்தியோ ஆக இருக்கும் என்றும் ஒரு குறிப்பு வருகிறது. தென்னாபிரிக்கத் தமிழ்ப் பிள்ளைகளின் கல்வி நிலை அந்த ஒரு குறிப்பில் வெளிப்பட்டுவிடுகிறது.

மாதம் ஏழு பவுண் சம்பளத்தில் ஓர் ஆங்கிலப் பெண்ணை வீட்டாசிரியையாக வைத்தார். அதுவும் மனநிறைவு தரவில்லை. தானே கற்பிக்க முனைந்தார், நேரம் கிடைக்கவில்லை. மகனையும் மருமகனையும் இந்தியாவில் விடுதிப் பாடசாலைகளுக்கு அனுப்பிவிட்டுச் சில மாதங்களில் திருப்பி அழைத்துக்கொண்டார். சிறு பிள்ளைகள் பெற்றாரைப் பிரிந்து வாழக் கூடாது என்பது அவரது கருத்து.

இந்தப் பக்கங்களை நிதானமாக வாசிக்கும் ஒருவருக்கு ஒன்று தெளிவாகும். ஹோல்ட் வழிவந்தவர்களைப் போல, பிள்ளையின் இயல்பான ஆர்வத்தை நம்பி எடுத்த முடிவல்ல இது. சமூகத்தின் ஏனைய பிள்ளைகளுக்குக் கிடைக்காததை என் பிள்ளைக்கு மட்டும் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்ற தன்மான உணர்விலிருந்து பிறந்த முடிவு. தன்மானத்தையும் சுதந்திரத்தையும் கொடுத்து ஏட்டுக் கல்வியை வாங்கியிருந்தால் அது நட்டமாகவே இருந்திருக்கும் என அவர் வாதிடுகிறார். வாதம் உயர்ந்தது. ஆயினும் தன்மானம் தந்தையுடையதாகவும், விலை பிள்ளைகளுடையதாகவும் இருந்தது. தன் புதல்வர்கள் தன்மீது குறைப்பட்டுக்கொள்ளக் காரணம் உண்டு என்பதை அதே அத்தியாயத்தில் அவரே ஒப்புக்கொள்கிறார். இந்த ஒப்புதலும், அதை உடனே தொடர்ந்து வரும் நியாயப்படுத்தலும் நூல் முழுக்க மாறி மாறி வருகின்றன.

நடையில் ஒரு வகுப்பு

ஜொஹன்னஸ்பேர்க் வீட்டைப் பற்றிய அத்தியாயம் இவ்வகை எழுத்தில் மிகச் சிறந்த பக்கங்களுள் ஒன்று. அலுவலகம் வீட்டிலிருந்து இரண்டரை மைல். போய்வர ஐந்து மைல் நடை. அந்த நடையே வகுப்பு. தந்தை குஜராத்தியில் பேசிக்கொண்டு நடப்பார். பிள்ளைகள் கேட்டபடி நடப்பார்கள். பிள்ளைகளிடம் ஆங்கிலத்தில் பேசாததற்காக நண்பர் போலக் அவரோடு தர்க்கிக்கிறார். சிறுவயதிலிருந்தே ஆங்கிலம் பழகினால் வாழ்க்கை ஓட்டத்தில் முந்திக்கொள்வார்கள் என்பது போலக்கின் கட்சி. தாய்மொழி இழந்த பிள்ளை தன் மக்களுக்கே அந்நியனாகிவிடும் என்பது காந்தியின் கட்சி. நமது வீடுகளில் இன்று நடக்கும் அதே தர்க்கம்! பிள்ளைகள் இறுதியில் இரண்டு மொழியையும் இயல்பாகவே பேசினார்கள் என்ற செய்தியையும் அவர் சொல்கிறார்.

அதே வீட்டில் ஏழு பவுணுக்கு வாங்கிய கைத்திரிகை ஒன்று இருந்தது. அதன் இரும்புச் சக்கரம் ஒருவருக்குப் பாரம், இருவருக்கு இலகு. காந்தியும் போலக்கும் பிள்ளைகளும் அதில் மா அரைத்தார்கள். மலகூடம் கழுவுவதை வேலைக்காரரிடம் விடவில்லை, பிள்ளைகளும் பழகினார்கள். நோயாளிகளைப் பராமரிக்கவும் கற்றார்கள். இவையெல்லாம் கல்வியே என்பதில் ஐயமில்லை.

ஆனால் இந்த அத்தியாயம் முடியும் இடம் முக்கியமானது. நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலமாவது ஒழுங்காக அவர்களது எழுத்துக் கல்விக்கு ஒதுக்கியிருந்தால் நான் கொடுத்தது முழுமையான கல்வியாக இருந்திருக்கும். அதைச் செய்யாதது அவர்களுக்கும் துக்கம், எனக்கும் துக்கம் என்கிறார். மூத்த மகன் இதைத் தனிமையிலும் பத்திரிகையிலும் சொல்லிவிட்டான், மற்றவர்கள் பெருந்தன்மையோடு மன்னித்துவிட்டார்கள் என்றும் எழுதுகிறார். தமது கல்விப் பரிசோதனைகளைப் பற்றி எழுதும் பெற்றாருள் இப்படி எழுதத் துணிந்தவர் மிகச் சிலர். இந்த ஒரு மணித்தியாலம் எனும் கணக்கு எனக்குப் பெரிதாகப்படுகிறது. தத்துவம் தோற்றது என்று அவர் சொல்லவில்லை. தினமும் வரவேண்டிய ஒருவர் வரவில்லை என்றே சொல்கிறார். பாடசாலைக்கு மாற்றாக வீட்டை நிறுத்துபவர், பாடசாலை மணியைப் போலத் தவறாமல் வரவேண்டும் அல்லவா?

பண்ணை எனும் குடும்பம்

1910 மே மாதம், ஜேர்மன் யூதரான கட்டடக் கலைஞர் ஹேர்மன் கலன்பாக், ஜொஹன்னஸ்பேர்க்கிலிருந்து 21 மைல் தொலைவில் தாம் வாங்கிய 1,100 ஏக்கர் நிலத்தைச் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் வாழக் கொடுத்தார். சிறை சென்றவர்களின் மனைவி மக்களுக்கு ஓர் ஒதுங்கிடம். பழ மரங்கள் ஏறக்குறைய ஆயிரம். கிணறு இரண்டு, ஊற்று ஒன்று. தகரத்தால் எழுப்பிய கட்டடங்கள். குஜராத்திகள், தமிழர், தெலுங்கர், வட இந்தியர். ஹிந்துக்கள், முஸ்லிம்கள், பார்சிகள், கிறிஸ்தவர்கள். இளைஞர் நாற்பது பேரளவில், பெண்கள் ஐவர், பிள்ளைகள் இருபதிலிருந்து முப்பது. அப்பிள்ளைகளுள் நான்கைந்து பேரே பெண்பிள்ளைகள். டோல்ஸ்டோய் பண்ணை ஒரு குடும்பம் என்றும் அதில் தகப்பனின் இடம் தன்னுடையது என்றும் காந்தி எழுதுகிறார். எனவே இதை ஒரு பாடசாலையாக அல்ல, ஒரு பெரிய குடும்பமாகவே நாமும் வாசிக்க வேண்டும்.

காலையில் வயல்வேலை, விறகு, சமையல், துப்புரவு. கலன்பாக் ட்ரப்பிஸ்ட் துறவிகளின் மடத்திற்குப் போய்ச் செருப்புத் தைக்கக் கற்று வந்தார். அவரிடமிருந்து காந்தியும், காந்தியிடமிருந்து ஏனையோரும் கற்றார்கள். தச்சு வேலையும் நடந்தது. ஆசிரியர் செய்யாத வேலையைப் பிள்ளைகளிடம் கேட்பதில்லை என்பது விதி. நகரத்துக்குச் சொந்த அலுவலாகப் போவதென்றால் நடந்தே போகவேண்டும். இரவு இரண்டு மணிக்குப் புறப்பட்ட நடைகள் உண்டு. கையில் வீட்டு மாவில் சுட்ட ரொட்டி, நிலக்கடலை வெண்ணெய், தோடம்பழத் தோலில் செய்த ஜாம். பாம்புகளைப் பற்றிப் பிள்ளைகளின் பயம் போக்கவென்று கலன்பாக் ஒரு நாகத்தைக் கூண்டில் வைத்து வளர்த்ததும் வருகிறது. நீ நட்போடு பழகுவது பாம்புக்கு விளங்குமா என்று காந்தி மெல்லக் கேட்கும் இடத்தில் நமக்குச் சிரிப்பு வருகிறது.

ஏட்டுக் கல்விக்குக் கிடைத்தது பகலுணவுக்குப் பிந்திய நேரம் மட்டுமே. மிஞ்சினால் மூன்று பாடவேளைகள். ஆசிரியரும் மாணவரும் காலை முழுக்க உழைத்த களைப்பில் தூங்கி விழுந்தார்கள். கண்ணில் தண்ணீர் தெளித்துக்கொள்வதும், பிள்ளைகளோடு விளையாடித் தூக்கத்தை விரட்டப் பார்ப்பதுமாக அந்த வகுப்பு நடந்தது. பாடநூல்கள் வேண்டியிருக்கவில்லை. ஒரு நூலையேனும் முதற் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை பிள்ளைகளோடு வாசித்ததாக நினைவில்லை என்கிறார். தான் படித்துச் செரித்ததைத் தன் சொல்லில் சொன்னார். வாசிப்பது அவர்களுக்குச் சுமை, கேட்பது அவர்களுக்கு இன்பம். உஸ்தாதின் வாயைப் பார்த்துக் கேட்டு வளர்ந்த நமக்கு இக்காட்சி அந்நியமானதல்ல.

தமிழும் உருதுவும்

தமிழ் வாசகர் தவறவிடக் கூடாத பகுதி இது. பண்ணையில் காந்தியே தமிழ் கற்பித்தார். அவரது தமிழறிவு கப்பற் பயணங்களிலும் சிறையிலும் சேர்த்தது. ஜி. யூ. போப்பின் தமிழ்க் கைந்நூலைத் தாண்டி அவர் செல்லவில்லை. தமிழ்ப் பிள்ளைகளோ தென்னாபிரிக்காவிலேயே பிறந்தவர்கள்; அவர்களுக்கு எழுத்தே தெரியாது. ஆகவே ஆசிரியர் எழுத்தையும் இலக்கணத்தின் தொடக்கத்தையும் கற்பித்தார். பேச்சுத் தமிழில் பிள்ளைகள் அவரை என்றும் தோற்கடிப்பார்கள். ஆங்கிலம் தெரியாத தமிழர் எவரேனும் காந்தியைப் பார்க்க வந்தால் இப்பிள்ளைகளே மொழிபெயர்ப்பாளர்கள். தன் அறியாமையை மறைக்க முயன்றதில்லை, அதனாலேயே அவர்களது அன்பை இழக்கவுமில்லை என்கிறார்.

கூலிகளென்று ஏளனமாக அழைக்கப்பட்ட ஒரு சமூகத்தின் பிள்ளைகள், தம் வீட்டு மொழியில் ஒரு பாரிஸ்டரை மிஞ்சி நின்று அவருக்காக மொழிபெயர்த்துக் கொடுத்தார்கள். ஒரு பிள்ளை தன் மொழியைப் பற்றிக் கொள்ளும் மதிப்பு எங்கிருந்து வருகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

உருதுவின் கதை வேறு. முஸ்லிம் பிள்ளைகளுக்கு எழுத்து ஏற்கெனவே தெரிந்திருந்தது. ஆசிரியர் செய்தது அவர்களுக்கு வாசிப்பில் ஆர்வமூட்டியதும் கையெழுத்தைத் திருத்தியதும் மட்டுமே. அந்த எழுத்து அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? காந்தி சொல்லவில்லை. நமக்குச் சொல்லித் தெரியவேண்டியதுமில்லை. ஓர் உம்மாவோ ஒரு மௌலவியோ குர்ஆன் ஓதக் கொடுத்திருப்பார். அந்த அரபெழுத்தே உருதுவின் வாசலையும் திறந்திருக்கும். எந்தப் பாடசாலையும் அற்றதாகத் தோன்றும் இடத்திலும் ஏதோ ஒரு பழைய கல்வி ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கிறது. பாடசாலைக்கு வெளியே பிள்ளை தானாகக் கற்றது என்று வியக்கும் நூல்கள் இத்தகைய முன்னோடிகளைப் பெரும்பாலும் காண்பதில்லை.

நோன்பும் ஒரு மௌனமும்

பண்ணையில் றமழான் வந்தது. முஸ்லிம் இளைஞர்கள் நோன்பு நோற்றார்கள். காந்தி அவர்களை ஊக்குவித்ததோடு, துணைக்கு மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டார். ஏனையோருக்குத் தண்ணீர் அருந்த அனுமதி உண்டு. சஹர் உணவு இல்லை. அவர்கள் அந்திக்கு முன்பே சாப்பிட்டுவிடுவார்கள்; நோன்பு திறக்கும் தோழர்களுக்குப் பரிமாற வேண்டுமே! ஹிந்துப் பிள்ளைகள் நோன்பாளிகளுக்கென விசேட பதார்த்தங்களும் சமைத்தார்கள். மாலைப் பிரார்த்தனையில் சில நாட்களில் இராமாயணமும் சில நாட்களில் இஸ்லாம் பற்றிய நூல்களும் வாசிக்கப்பட்டன. பிற மதத்தவனின் நோன்பை அவனோடு பசித்திருந்து கற்பது எந்தப் பாடத்திட்டத்திலும் அடங்காத கல்வி. இன முரண்பாட்டை அனுபவித்த இந்நாட்டின் வாசகருக்கு அதன் பெறுமதியை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் இதே பகுதியில் ஒரு வாக்கியம் வருகிறது. பண்ணையில் அனைவரும் மரக்கறி உணவே உண்டார்கள். காந்தியின் உணர்வுக்கு மதிப்பளித்து எல்லோரும் இசைந்திருந்தார்கள். நோன்பு மாதத்தில் முஸ்லிம் பிள்ளைகள் இறைச்சியை நினைத்து ஏங்கியிருப்பார்கள். ஆனால் எவரும் அதை எனக்குத் தெரியவிட்டதில்லை என்ற கருத்துப்பட அவர் எழுதுகிறார்.

நூல் முழுவதையும் திறக்கும் சாவி இங்கேதான் கிடக்கிறது என்பது என் எண்ணம். பிள்ளைக்கு ஓர் ஆசை இருந்தது. தகப்பனின் இடத்தில் இருந்தவருக்கு அது இருக்கும் என்றும் தெரிந்திருந்தது. ஆனால் பிள்ளை வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தை அவர் அன்பின் அடையாளமாக வாசிக்கிறார்; அன்பும் இருந்திருக்கும். அந்த மனிதரின் முன்னால் 'எங்களுக்கு இறைச்சி வேண்டும்' என்று சொல்லும் துணிவு ஒரு பன்னிரண்டு வயதுப் பையனுக்கு எப்படி வரும்? கேட்டால் இசைந்திருப்பார் என்பதற்கும் நூலில் சான்று உண்டு. கேட்க முடியாத அளவுக்கு அவர் நல்லவராக இருந்ததுதான் சிக்கல். பாடசாலையில் ஆசிரியரை வெறுக்கலாம், வீட்டுக்கு வந்து உம்மாவிடம் முறையிடலாம். வீடே பாடசாலையாகி வாப்பாவே ஆசிரியராகிவிட்டால் முறையிட எங்கே போவது?

கத்தரித்த கூந்தல்

இக்கேள்வி கூர்மையாகும் இடம் 'தென்னாபிரிக்காவில் சத்தியாக்கிரகம்' நூலில் உள்ளது. ஓர் இளைஞன் இரு பெண்பிள்ளைகளைக் கேலி செய்தான். காந்தி இளைஞர்களைக் கண்டித்தார். அது போதுமென்று அவருக்குப் படவில்லை. இரவெல்லாம் உறங்காமல் யோசித்தார். காலையில் அப்பெண்பிள்ளைகளிடம் அவர்களது நீண்ட கூந்தலைக் கத்தரிக்க அனுமதி கேட்டார். முதலில் மறுத்தார்கள். மூத்த பெண்களுக்கும் அதை நினைக்கவே பொறுக்கவில்லை, பின்னர் இசைந்தார்கள். பிள்ளைகளும் இசைந்தார்கள். இதை எழுதும் இதே கைதான் கத்தரித்தது என்கிறார். பின்னர் வகுப்பில் அதை விளக்கியதாகவும் நல்ல பலன் கிடைத்ததாகவும் பதிவு செய்கிறார்.

தவறு செய்தவன் கண்டனத்தோடு தப்பினான். தவறிழைக்கப்பட்டவர்கள் அடையாளத்தைச் சுமந்தார்கள். ஒரு பெண்ணின் பாதுகாப்புக்கு அவளது உடலிலேயே விலை வைக்கும் இந்த நியாயம் நம் சமூகத்திற்கும் பழக்கமானதுதான். ஆகவே காந்தியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எளிது, நேர்மையல்ல. இலக்கிய விமர்சனம் கவனிக்க வேண்டியது வேறு. அவ்விரு பிள்ளைகளுக்கும் இந்நூலில் பெயர் இல்லை, ஒரு சொல்கூட இல்லை. ஒருத்தி இப்போது உயிரோடு இல்லை என்ற குறிப்பு மட்டும் உண்டு. கண்ணாடியில் தம்மைப் பார்த்த அந்தக் காலையைப் பற்றி அவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள்?

காந்திக்கு நியாயம் செய்ய வேண்டுமாயின் இன்னும் இரண்டைச் சொல்லவேண்டும். இத்தகைய பரிசோதனைகளை எவரும் பின்பற்ற வேண்டாம் என்று அவரே எச்சரிக்கிறார். இன்னோரிடத்தில், கட்டுக்கடங்காத ஒரு பதினேழு வயது இளைஞனை அடிமட்டத்தால் கையில் அடித்ததைச் சொல்லி, அடிக்கும்போது தான் நடுங்கியதையும், அது சரியா பிழையா என்பதில் இன்றும் தெளிவில்லை என்பதையும் எழுதுகிறார். பிரம்பைப் பற்றி இத்தனை தயக்கத்தோடு எழுதிய ஆசிரியரை நான் அதிகம் வாசித்ததில்லை. கூந்தலைப் பற்றி எழுதும்போது அந்தத் தயக்கம் இல்லாமற் போனதே என் குறை.

மகனின் குரல்

ஹரிலால் 1908 தொடக்கம் தென்னாபிரிக்கப் போராட்டத்தில் பலமுறை சிறை சென்றவர். 'சின்ன காந்தி' என்று மக்கள் அழைத்தார்கள். தந்தையின் கட்டளைக்குப் பயந்து ஒதுங்கியவரல்லர். அவருக்குப் படிக்கவேண்டும் என்ற ஆசை இருந்தது. இங்கிலாந்தில் ஒருவர் கற்பதற்கு நண்பரொருவர் உதவ முன்வந்தபோது, காந்தி அந்த வாய்ப்பை மகனுக்குக் கொடாமல் வேறொருவருக்குக் கொடுத்தார். சலுகையை மறுத்த அதே தன்மானம். 1911இல் ஹரிலால் பண்ணையைவிட்டு இந்தியா சென்று, மனைவி மக்களோடு இருந்த வயதில் அஹமதாபாத்தில் பாடசாலை வாங்கில் அமர்ந்தார். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் திரும்பத் திரும்பத் தோற்றார். 1915 மார்ச்சில் தந்தைக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதி அச்சிட்டுத் தெரிந்தவர்களிடையே சுற்றுக்கு விட்டார். எங்கள் விருப்பத்தை நீங்கள் கேட்டதேயில்லை என்பதே அதன் சாரம்.

சத்திய சோதனையில் அந்தக் கடிதம் இல்லை. மகன் பத்திரிகையில் முறையிட்டான் என்ற ஒரு வரி மட்டும் உண்டு. சந்துலால் தலால் குஜராத்தியில் எழுதிய ஹரிலாலின் வாழ்க்கை வரலாறு 1977இல்தான் வந்தது. திரிதீப் சுஹ்ருதின் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்த 2007இலேயே ஃபெரோஸ் அப்பாஸ் கானின் திரைப்படமும் வந்தது. தந்தையின் நூலுக்கும் மகனின் குரலுக்கும் இடையே அரை நூற்றாண்டு இடைவெளி.

1936இல் ஹரிலால் பம்பாயில் இஸ்லாத்தைத் தழுவி அப்துல்லாஹ் ஆனார். அதே ஆண்டில் ஆரிய சமாஜத்தார் மூலம் திரும்பினார். இருபுறத்திலும் வெற்றி முழக்கம் எழுந்தது. நம்மவர்கள் அன்று அந்த மனிதரின் துயரத்தைக் கண்டார்களா, அல்லது காந்தியின் மகன் என்ற பெயரை மட்டும் கண்டார்களா என்ற கேள்வியை நாம் நம்மிடமும் கேட்டுக்கொள்ள வேண்டும். தந்தை கொல்லப்பட்ட 1948இலேயே, ஜூன் மாதம், அவரும் பம்பாயில் இறந்தார்.

இந்த முடிவை முழுக்கக் கல்வியின்மையின் தலையில் சுமத்துவது பிழை. மணிலாலும் அதே வீட்டில் வளர்ந்தவர். 1956இல் இறக்கும்வரை மூன்று தசாப்தங்களுக்கு மேலாகத் தென்னாபிரிக்காவில் 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகையை நடத்தினார். தேவதாஸ் புகழ்பெற்ற பத்திரிகை ஆசிரியரானார். ஆகவே பரிசோதனை வென்றது, தோற்றது என்று புள்ளி போடுவதில் பயனில்லை. ஆனால் மணிலாலுக்கும் அதே ஏக்கம் இருந்ததை, அவரது பேத்தி உமா டுபேலியா-மெஸ்திரி 2004இல் எழுதிய வாழ்க்கை வரலாறு காட்டுகிறது. 1909இல் பிரிட்டோரியாச் சிறையிலிருந்து காந்தி மணிலாலுக்கு எழுதிய கடிதத்தில், கல்வி என்பது எழுத்தறிவல்ல, குணத்தை உருவாக்குவதே என்கிறார். அதற்குச் சான்றாகத் தான் சிறையில் வாசித்த எமர்சனையும் ரஸ்கினையும் மாஸினியையும் அழைக்கிறார்! இலண்டனில் பாரிஸ்டரானவர், நூல்களால் அடைந்த தெளிவைக் கொண்டு, நூல்கள் முக்கியமல்ல என்று மகனுக்கு எழுதுகிறார். ஏறிய பின் ஏணியை எடுத்துவிடுவது போன்ற காரியம் இது.

நமது பக்கம்

மிஷன் பாடசாலையில் நம் பிள்ளைகளைச் சேர்க்கமாட்டோம் என்ற தீர்மானத்தை இலங்கை முஸ்லிம்கள் ஒரு சமூகமாகவே எடுத்திருந்தார்கள். மார்க்கத்தையும் தன்மானத்தையும் காக்கவே எடுத்தார்கள். விலையைப் பிள்ளைகள் கொடுத்தார்கள். இதை முதலில் உரக்கச் சொன்னவர் அறிஞர் சித்திலெப்பை. 1882இல் 'முஸ்லிம் நேசன்' தொடங்கிய காலம்தொட்டு அவர் ஓயாமல் எழுதியது, மறுத்தது போதும், மாற்று எங்கே என்ற கேள்வியைத்தான். அக்கேள்வியின் தொடர்ச்சியாகவே 1892இல் மருதானையில் அல் மத்ரஸதுஸ் ஸாஹிரா எழுந்தது. அதே கேள்விக்குக் காந்தி தந்த விடை குடும்பம். சித்திலெப்பை தந்த விடை பாடசாலை. குடும்பத்தில் அன்பு அதிகம். பாடசாலையில் பிள்ளைக்குத் தகப்பனல்லாத இன்னொரு பெரியவரும், தன் வயதொத்த அந்நியரும் கிடைக்கிறார்கள். ஹரிலாலுக்கு இல்லாமற்போனது அதுவாக இருக்கலாம்.

2020 மார்ச்சில் கொவிட் தொற்றினால் நம் பாடசாலைகள் மூடப்பட்டு மாதக்கணக்கில் பிள்ளைகள் வீட்டிலிருந்தபோது, வீடே சிறந்த பாடசாலை என்று எழுதியவர்களும் இருந்தார்கள், பிள்ளைகளின் எதிர்காலம் போயிற்று என்று புலம்பியவர்களும் இருந்தார்கள். அந்த மாதங்களில் பிள்ளைகள் எழுதிய ஒரு நாட்குறிப்பையாவது நம் சஞ்சிகைகள் கேட்டு வாங்கி வெளியிட்டனவா? நானும் கேட்கவில்லை. இந்நூலில் நான் கண்ட குறை என்னிடமும் உண்டு.

சத்திய சோதனையின் பண்ணைப் பக்கங்கள் இலக்கியமாக நிலைப்பதற்குக் காரணம் அவற்றில் சொல்லப்பட்ட கொள்கையன்று. தூக்கத்தோடு போராடும் வகுப்பும், போப்பின் இலக்கணத்தோடு தமிழ்ப் பிள்ளைகளின் முன் நிற்கும் ஆசிரியரும், கிடைக்காமற்போன அந்த ஒரு மணித்தியாலமும் எந்தப் பூச்சுமின்றி அங்கே இருக்கின்றன. தனக்கெதிரான சாட்சியத்தைத் தன் நூலிலேயே விட்டுவைத்த தகப்பன் அவர். அந்தச் சாட்சியம் பிள்ளையின் வாயால் வரவில்லை என்பதே அதன் எல்லை. அப்பக்கங்களை இனி வாசிப்பவர் அருகில் ஹரிலாலின் கடிதத்தையும் வைத்துக்கொண்டு வாசிக்க வேண்டும். அக்கடிதம் முழுமையாக, நல்ல தமிழில், நம் வாசகர் கைக்கு வரவேண்டும். அதை மொழிபெயர்க்க முன்வரும் ஓர் இளைய படைப்பாளிக்கு இச்சஞ்சிகையின் பக்கங்கள் திறந்திருக்கும் என்று நம்புகிறேன்.